பாலத்தடிச் சுவரில் ஓவியம் வரைந்த அனுபவம்

ஒரு மேம்பாலத்தின் அடியில் இருக்கும் நீளமான சுவரில் ஓவியம் வரையும் வேலையில் முதலிலிருந்து கடைசி வரை கூடவே இருந்தேன். இதே மாதிரி இறங்க நினைக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

சுவர் ஒரு துறைக்கு, முன்னால் இருக்கும் நடைபாதை இன்னொரு துறைக்கு, விளக்குக் கம்பம் மூன்றாவது துறைக்குச் சொந்தம். மூன்று இடத்திலும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். ஓவியம் எத்தனை வருடம் இருக்கும், யார் பராமரிப்பார்கள், சுவரை இடிக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே எழுதி வாங்கிவிடுங்கள். நியூயார்க்கில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடத்து ஓவியங்களை உரிமையாளர் 2013-இல் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்து மறைத்துவிட்டார். வழக்கு நடந்து, 2018-இல் ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அத்தனையும் கிடைத்தாலும் அழிந்த ஓவியம் திரும்பாது.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். மாதிரிப் படங்களைச் சுவரிலேயே ஒட்டி வைத்துவிட்டு, அந்த வழியாகப் போகிறவர்களிடம் பேசினோம். வேலை முடிந்து ராத்திரியில் திரும்பும் ஒரு அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மூலையில ஆள் நின்னாத் தெரியாதே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் முழுத் திட்டமும் மாறியது. அடர்நீலமாக இருந்த பின்னணியை வெளிர்மஞ்சளாக மாற்றினோம். வெளிர்நிறம் இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பித் தரும். விளக்கைச் சரிசெய்யவும் அதே கையோடு மனு போட்டோம். இருட்டான இடத்தில் எவ்வளவு நல்ல ஓவியம் வரைந்தாலும் பயம் போகாது என்பது என் உறுதியான கருத்து.

சுவரைத் தயார்செய்வதில் அவசரம் கூடாது. ஓதம் இருக்கிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விட்டோம். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி நின்றால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். உப்புப் பூத்த இடங்களைக் காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். புதிதாகப் பூசிய சிமென்ட் 28 நாளாவது ஆறிய பிறகுதான் பிரைமர் என்ற அடிப்பூச்சு.

படத்தைச் சுவருக்குப் பெரிதாக்க, சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கல்களைப் போட்டுப் புகைப்படம் எடுத்து, அதன்மேல் எங்கள் படத்தை செல்போனில் பொருத்திக்கொண்டோம். எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் எந்தக் கோடு வருகிறது என்று பார்த்துப் பார்த்து வரையலாம். கட்டம் போடுவதைவிட வேகமான வழி.

சாரம் கட்டிய நாளிலிருந்தே அந்த இடம் மாற ஆரம்பித்துவிட்டது. வேகமாகக் கடந்து போனவர்கள் நின்றார்கள், கேள்வி கேட்டார்கள், பிரஷ் கேட்டார்கள். ஆள் உயரம் வரையுள்ள கீழ்ப்பகுதியை அவர்களுக்கே விட்டோம். சாரத்தில் ஏற முடியாதவர்களுக்கு பிலடெல்பியாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1984-இல் அங்கே தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில், பாராசூட் துணி எனப்படும் மெல்லிய துணியில் வீட்டுக்குள் உட்கார்ந்தே வரையவைத்து, பிறகு அதைச் சுவரில் ஒட்டுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கிய, வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரில் அரை மைல் நீளம் போகும் ஓவியத்திலும் நூற்றுக்கணக்கான இளைஞர்களின் கை இருக்கிறது. ஊர்க்காரர்களின் கை படாத சுவர் அலங்காரமாக மட்டும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறத் தேர்வைப் பொறுத்தவரை, வெயில் விழும் பக்கத்துக்குக் காவி, மஞ்சள்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்களை நம்பலாம். பளீரென்று ஒளிரும் ரகங்கள்தான் முதலில் வெளுக்கும்.

சுவரடியில் குப்பை கொட்டுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. போஸ்டர் மட்டும் எப்போதாவது ஒட்டுகிறார்கள். கீழ்ப்பகுதியை வரைந்த பிள்ளைகளே வந்து கிழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நிறக் கலவையிலும் கொஞ்சம் எடுத்து, எண் எழுதி மூடி வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் உரிந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்ய அதுவே போதும்.