விக்க வந்திருக்குற 1934 ஆல்விஸ் ஸ்பீட் 20: போட்டோவுல வராத கதை

கொஞ்ச நாளாவே ஒரு கார் விளம்பரத்த தெறந்து தெறந்து பாத்துக்கிட்டு இருக்கேன். வாங்கப் போறதில்ல, வாங்குற அளவுக்கு காசும் இல்ல, வீட்டுல தெரிஞ்சா வேற கதை ஆயிடும், ஆனாலும் அந்த டேப்ப மூட மனசு வரல. 1934 ஆல்விஸ் ஸ்பீட் 20 எஸ்பி. நாலு சீட்டு ஓப்பன் டூரர், அதாவது நிலையான கூரை இல்லாத கார், கரும்பச்சை பெயிண்ட், உள்ள பிரவுன் லெதர், வயர் ஸ்போக் வீல், முன்னாடி பெரிய லூகாஸ் பி100 ஹெட்லைட் ரெண்டு. கதவோட மேல்விளிம்பு முழங்கைய வைக்கிறதுக்குன்னே கீழ எறங்கி வளைஞ்சிருக்கும் பாருங்க, அந்த வளைவ வரைஞ்சவன் கையில கண்டிப்பா ஏதோ இருந்திருக்கு.

விலைன்னு இருக்குற எடத்துல நம்பர் கெடையாது, கேட்டா சொல்றோம்னு போட்டிருக்கு. இந்த லெவல் பழைய கார் விக்கிற டீலருங்க இங்கிலாந்துல நெறைய பேர் இப்படித்தான், எனக்கு இது சுத்தமா பிடிக்காது. நம்பர சொல்ல கூச்சமா இருந்தா ஏன் விக்கிறீங்க? சரி விடுங்க.

ஆல்விஸ்னா யாருன்னு தெரியாதவங்களுக்காக கொஞ்சம். இங்கிலாந்துல கோவென்ட்ரி ஊர் கம்பெனி, 1919ல டி. ஜி. ஜான் ஆரம்பிச்சது. 1923ல ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் டிராக்ல நடந்த 200 மைல் ரேஸ ஜெயிச்சப்போதான் பேர் வெளிய தெரிஞ்சது. சீஃப் எஞ்சினியர் ஸ்மித்-கிளார்க், பயங்கரமான ஆளு, ரிட்டயர் ஆனப்புறம் போலியோ நோயாளிங்களுக்கு மூச்சு விட உதவுற அயர்ன் லங் மெஷின நல்லா மாத்தி டிசைன் பண்ணிக் கொடுத்தாரு, கார் எஞ்சினியருங்கள்ல இப்படி ஒரு ஓய்வு காலம் யாருக்கு அமையும் சொல்லுங்க. லண்டன்ல மேஃபேர் பக்கம் சார்ல்ஸ் ஃபோலெட்னு ஒரு டீலர், பணக்கார பசங்களுக்கு வேகமான அழகான கார் வேணும்னு கம்பெனிய தூண்டினவர்ல அவரும் ஒருத்தர். அப்படி வந்ததுதான் ஸ்பீட் 20, 1931 கடைசியில. 2511 சிசி, ஆறு சிலிண்டர், மூணு எஸ்யூ கார்புரேட்டர்.

இந்த 20 என்னன்னா டேக்ஸ் கணக்கு. அப்ப பிரிட்டன்ல குதிரைத்திறனுக்கு இவ்வளவுன்னு ரோட் டேக்ஸ், 1921ல இருந்து ஒரு குதிரைத்திறனுக்கு 1 பவுண்ட், 1935ல 15 ஷில்லிங்கா, அதாவது முக்கால் பவுண்டா குறைச்சாங்க. ஆனா அந்த குதிரைத்திறன் எஞ்சினோட நெஜமான பவர் இல்ல, பேப்பர்ல போடுற கணக்கு: சிலிண்டர் விட்டத்த இஞ்சுல எடுத்து, அத அதாலேயே பெருக்கி, எத்தனை சிலிண்டரோ அதால பெருக்கி, 2.5ஆல வகுத்துரணும். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேல கீழ போகுதுங்கறது கணக்குலயே வராது. அப்புறம் கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், சிலிண்டர ஒல்லியாக்கி உயரமாக்கிட்டான். இதுல 73 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கணக்கு போட்டா 19.82 வரும், அதான் 20. நெஜத்துல எஞ்சின் கொடுக்குறது கிட்டத்தட்ட 87. இந்த மாதிரி நீள ஸ்ட்ரோக் எஞ்சின் கீழ இருந்தே நல்லா இழுக்கும், அடிக்கடி கியர் மாத்த வேணாம், அந்தக் கால பிரிட்டிஷ் கார் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி குணம் இருக்கறதுக்கு பாதி காரணம் இந்த டேக்ஸ் ஆபீஸ் ஃபார்முலாதான்னு நான் நம்புறேன்.

எஸ்பி மாடல் 1933 கடைசியில வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த எஸ்ஏவுல கிராஷ் கியர்பாக்ஸ், டபுள் டிகிளட்ச், அதாவது கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு கியர் மாத்தத் தெரியலன்னா ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி சத்தம் வரும். எஸ்பில நாலு கியருக்கும் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் உரசாம தானா சேர வைக்கிற அமைப்பு, பிரிட்டிஷ் கார்ல அது அப்ப புதுசு. முன் வீல் ரெண்டுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், குறுக்கால ஒரு லீஃப் ஸ்பிரிங் போட்டு. பிரேக் மட்டும் மெக்கானிக்கல்தான், ஹைட்ராலிக் எல்லாம் இல்ல.

இப்ப மேட்டருக்கு வரேன். விளம்பரத்த நாலஞ்சு பத்தி படிச்சு கீழ போனா, பெயிண்டுக்கு எத்தனை கோட்டு அடிச்சாங்க, லெதர் எப்படிப்பட்டதுன்னு எல்லாம் சொல்லி முடிச்சப்புறம், ஒரு ஓரமா ஒரு வரி வருது. வேன்டன் ப்ளாஸ்ங்கற அந்தக் கால பாடி கட்டுற கம்பெனியோட பேட்டர்ன்ல புதுசா கட்டின பாடியாம். காரோட பாதி விஷயம் அந்த வரிக்குள்ள இருக்கு, தலைப்புல வர வேண்டியது.

ஏன்னா அப்பல்லாம் ஆல்விஸ் மாதிரி கம்பெனி சேஸிங்கற அடிச்சட்டம், எஞ்சின், வீல் வரைக்கும்தான் செய்வாங்க. மேல பாடி கட்டுறது கோச்பில்டர் வேலை. சலூன், அதாவது கூரை போட்டு மூடின கார் வேணும்னா அதே கோவென்ட்ரில சார்ல்ஸ்வொர்த், டூரர் வேணும்னா க்ராஸ் அண்ட் எல்லிஸ், இல்ல லண்டன் கிங்ஸ்பரில இருந்த வேன்டன் ப்ளாஸ். ஆஷ் மரத்துல கூடு கட்டி அது மேல தகடு வளைச்சு ஆணி அடிப்பாங்க. அந்த மரம் என்ன சாகாவரம் வாங்கி வந்ததா? 1942 ஜூலையில சொந்த கார் ஓட்டுறவங்களுக்கு கொடுத்த பெட்ரோல் ரேஷனையே நிறுத்திட்டாங்க, எத்தனையோ கார் ஷெட்டுக்குள்ளயும் வைக்கோல் கொட்டாயிலயும் போய் நின்னுச்சு, போருக்கப்புறம் 50கள்ல யாருக்கும் வேணாம், கையில கொஞ்சம் காசு வச்சிருந்த ஸ்டூடண்ட் வாங்கி ஓட்டிட்டு அப்படியே போட்டுட்டு போயிடுவான். மரம் உளுத்துப் போச்சு, தகடு தொங்கிப் போச்சு, சேஸியும் எஞ்சினும் மட்டும் மிஞ்சும்.

அப்படி மிஞ்சின ஒரு சலூன் சேஸிய வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க? திரும்பவும் சலூன் பாடி கட்டுறதுக்கு ஆகுற செலவு டூரர் பாடிக்கு ஆகுறத விட கம்மி இல்ல, கூரை, கண்ணாடி, உள் வேலை எல்லாம் சேர்ந்து கூடத்தான் வரும், ஆனா விக்கப் போனா ஓப்பன் டூரருக்கு கெடைக்கிற விலை எங்கயோ இருக்கும். அதனால சலூனா பொறந்தது டூரரா ஆயிடும். ஆல்விஸ் மட்டும் இல்ல, லகோண்டா, டெர்பில செஞ்ச பென்ட்லி எல்லாத்துக்கும் இதே தலையெழுத்துதான். ரைலிங்கற கம்பெனி கார்ல இன்னும் மோசம், நல்லா ஓடிக்கிட்டு இருந்த சலூனையே பிரிச்சு ரெண்டு சீட்டு ஸ்பெஷலா மாத்தியிருக்காங்க.

இது ஏமாத்து வேலையான்னா, இல்ல. சொல்லிட்டு வித்தா இல்லவே இல்ல. அப்ப இது அதே 1934 காரான்னு அடுத்த கேள்வி வரும். இதுக்கு கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. 1929லயும் 1930லயும் லெமான்ஸ் 24 மணி நேர ரேஸ ஜெயிச்ச பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ஓல்ட் நம்பர் ஒன் அப்படின்னு சொல்ற காரு, 1 கோடி பவுண்டுக்கு விலை பேசினதுக்கப்புறம் வாங்குறவங்க, இது அந்தக் காரே இல்லன்னு தகராறு பண்ணி, 1990ல லண்டன் ஹைகோர்ட்ல கேஸ் நடந்தது. லெமான்ஸ் ஓடினப்போ இருந்த பாகம் அதுல கொஞ்சம்தான் மிச்சம். ஆனா காரு நடுவுல எப்பவும் காணாமப் போகல, ஒரு ஒரு பாகமா மாறி மாறி தொடர்ந்து அதே காராவே இருந்து வந்திருக்கு, அதனால அந்தப் பேர் அதுக்கு செல்லும்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. எனக்கு இந்த தீர்ப்பு ரொம்ப பிடிக்கும். பழைய இரும்பு எத்தனை கிலோ இருக்குன்னு எடை போடாம, வரலாறு அறுபடாம இருக்கான்னு பாத்தாரு.

ஆல்விஸுக்கு அதுல ஒரு வசதி இருக்கு. கார் ஃபாக்டரி 1940 நவம்பர் 14 ராத்திரி கோவென்ட்ரில விழுந்த குண்டுல எரிஞ்சு போச்சு, கம்பெனி 1967ல கார் செய்யறதையே நிறுத்திடுச்சு, ஆனாலும் எந்த சேஸி நம்பர் எப்படி வெளிய போச்சுங்கற ரெக்கார்டும் டிராயிங்கும் கெனில்வொர்த்ல இன்னைக்கும் இருக்கு. அதனால இந்த சேஸி முதல்ல என்ன பாடியோட போச்சுன்னு விசாரிக்க முடியும், விக்கிறவருக்கும் அது தெரியும்.

நேர்ல போய் பாத்தேன். கூட ஒரு அண்ணன் வந்தாரு, யாழ்ப்பாணம், இங்க இங்கிலாந்துல ரொம்ப வருஷமா கராஜ் வேலை, பழைய காருங்கள்ல கை வச்சவரு. நான் பெயிண்ட பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன், அவரு நேரா கதவுக்கிட்ட போய், "தம்பி, உந்தக் கதவைத் திறந்து ஒருக்கா மேல தூக்கிப் பாரும்"னாரு. தூக்கினேன், கதவு அசையல. கீல் தேஞ்சிருந்தாலோ தூண் மரம் உளுத்திருந்தாலோ அங்கயே ஆடும், இது கிண்ணுன்னு நிக்குது, புது மரம்ல. அப்புறம் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால ஸ்போக்க வரிசையா தட்டினாரு, டைட்டா இருக்கறது கணீர்னு சொல்லும், லூசா இருக்கறது டப்புன்னு அமுங்கும். ஹேண்ட்பிரேக்க போட்டுட்டு வண்டிய முன்னயும் பின்னயும் தள்ளி அசைக்கச் சொன்னாரு, வீல் மாட்டுற ஹப்போட பல்லு (ஸ்ப்லைன்) தேஞ்சிருந்தா அப்ப ஒரு க்ளக் சத்தம் வருமாம். வரல.

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணினதும் எல்லாரும் சத்தத்த கேப்பாங்க, அண்ணன் ஆயில் பிரஷர் டயல மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாரு. இந்தக் கால எஞ்சின்ல பேரிங் எல்லாம் வைட் மெட்டல்ங்கற மென்மையான உலோகக் கலவைய உருக்கி ஊத்தி கடைஞ்சு எடுத்தது, கடையில போய் செட் வாங்கிப் போடுற சமாச்சாரம் இல்ல. குளிர்ல ஆயில் பிரஷர் எல்லா எஞ்சின்லயும் ஜம்முன்னுதான் காட்டும், நல்லா சூடானப்புறம் எங்க வந்து நிக்குதுங்கறதுதான் விஷயம். எங்கள பக்கத்து சீட்டுலயும் பின் சீட்டுலயும் வச்சு ஒரு ரவுண்ட் கூட்டிட்டுப் போனாங்க, ஓட்டக் கொடுக்கல, அது நியாயம்தான். விண்ட்ஸ்க்ரீன முன்னாடி மடிச்சு விட்டுட்டாங்க, கிராமத்து ரோட்டுல நாப்பது மைல் வேகத்துலயே கண்ணுல தண்ணி வருது, மூணு கார்புரேட்டரும் காத்த உறிஞ்சுற சத்தம் முன்னாடி, எக்ஸாஸ்ட் பின்னாடி, ஒரு மேட்டுல டாப் கியர்லயே இழுத்துக்கிட்டு ஏறுச்சு பாருங்க, டேக்ஸ் ஃபார்முலாவுக்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

வந்து ஃபைல கேட்டோம். ரெஸ்டோரேஷன் பில் மட்டும் ஒரு தடி ஃபைல், கூட்டிப் பாக்கல, ஆனா கேக்குற விலைய விட கம்மியா இருக்க வாய்ப்பே இல்ல. இந்த உலகத்துல இது சகஜம், ரெஸ்டோர் பண்றவர் பெரும்பாலும் நஷ்டத்துலதான் விப்பாரு, அதனால அடுத்தவர் செலவு பண்ணி முடிச்ச கார வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு இங்க எல்லாரும் சொல்வாங்க, ஒத்துக்கறேன். நான் தேடினது பில்ல இல்ல. பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, லாக்புக்னு சொல்ற பழைய பழுப்பு அட்டை பதிவுப் புத்தகம், இப்ப உள்ள நம்பர் பிளேட்டு 1934ல போட்டதேதானா, இது மூணும். லாக்புக் இருந்தது, நம்பரும் அதேதான், சந்தோஷம். 1983க்குள்ள வண்டி பதிவு பண்ற டிவிஎல்ஏ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தாம விட்ட பழைய கார் எத்தனையோ நம்பர பறிகொடுத்துட்டு, அப்புறம் கிளப் கையெழுத்தோட, பழைய நம்பர திரும்பக் கேக்குற வி765 ஃபார்ம் போட்டு அலைஞ்சிருக்கு. போட்டோவும் இருந்தது. சலூன்தான். கூரை உள்ள விழுந்து, ஒரு பக்க கதவே இல்லாம, சீட்டு ஸ்பிரிங் வெளிய தெரிய நிக்குது. அண்ணன் பாத்துட்டு, "இதைத் திருப்பிச் செய்ய ஆரும் வரமாட்டினம் தம்பி"ன்னாரு. அப்பவும் எனக்கு லேசா கோபம், அந்த சலூனும் நல்ல ஷேப்தான், எல்லாமே டூரர் ஆயிட்டா அப்ப ரோட்டுல நெஜமா என்ன ஓடுச்சுன்னு எவனுக்குத் தெரியும்? ஆனா அந்த போட்டோவ பாத்தப்புறம் விக்கிறவர குத்தம் சொல்ல முடியல.

கேட்டதுக்கு விலைய சொன்னாரு. இங்க எழுதல, ஆனா பொறப்புலயே வேன்டன் ப்ளாஸ் பாடியோட வந்த காருக்கு கேக்குற மாதிரிதான் கேக்குறாரு. அங்கதான் எனக்கு ஒத்து வரல. வேலை முதல் தரம், காரு அருமை, புதுப் பாடிக்கு உண்டான விலைய சொன்னா நாளைக்கே போயிடும்.

வாங்க முடிஞ்சவங்களுக்கு மத்த விஷயமெல்லாம் ஈஸி. 40 வருஷம் தாண்டின காருக்கு ரோட் டேக்ஸ் பணம் கெடையாது, ஆனா வருஷா வருஷம் பதிவு பண்ணணும். 2018ல இருந்து 40 தாண்டினதுக்கு எம்ஓடிங்கற வருஷாந்திர வண்டி டெஸ்ட்டும் கட்டாயம் இல்ல, கடைசி 30 வருஷத்துல பெரிய மாற்றம் எதுவும் செய்யலன்னா. பாடியே மாறின கார்ல இத டிவிஎல்ஏ ரூல வச்சு முதல்லயே கிளியர் பண்ணிக்கணும், நானா இருந்தா கட்டாயமோ இல்லையோ எம்ஓடி எடுத்துடுவேன், மெக்கானிக்கல் பிரேக் ஐயா. லண்டன்ல புகை அதிகம் விடுற வண்டிக்கு காசு வாங்குற யூலெஸ் ஏரியாவுலயும் காசு கேக்க மாட்டாங்க. வித்து லாபம் வந்தா கார்ங்கறதால கேப்பிடல் கெயின்ஸ் டேக்ஸும் இல்ல. பெட்ரோல் மட்டும் எத்தனால் கம்மியா இருக்குற ஈ5 சூப்பர் போடுங்க, 2021ல இருந்து சாதாரண பெட்ரோலா வர்ற ஈ10 பழைய ரப்பர் பைப்ப தின்னுடும். சீட் பெல்ட் இல்லாம வந்த கார், அதனால மூணு வயசுக்கு கீழ உள்ள குழந்தைய ஏத்தக் கூடாது, சட்டமே அப்படித்தான்.

இத எழுதுற வரைக்கும் விக்கல. யாராவது போய் பாக்குறதா இருந்தா ஹூட்டுன்னு சொல்ற மடக்குற துணிக் கூரைய முழுசா போட்டு, பக்கத்துல மாட்டுற சைட்ஸ்க்ரீனும் மாட்டிக் காட்டச் சொல்லுங்க, எங்களுக்கு காட்டல. அப்படியே அந்த சலூன் போட்டோவ கையில வச்சுக்கிட்டே விலைய பேசுங்க.