சிஸ்டருக்கு என்ன வாங்கலாம்?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து 12 நாள் ஆகியிருந்தது. தூக்கம் கெட்ட குரலில், "சித்தி, பிரசவம் பார்த்த சிஸ்டருக்கு ஏதாவது வாங்கித் தரணும்னு இவ சொல்லிட்டே இருக்கா. ஐயாயிரம் வரைக்கும் ஆனாலும் பரவாயில்ல. என்ன வாங்கலாம்?" என்றான்.

சென்னையில் 31 வருடம் லேபர் வார்டில் நின்றவள் நான். குடும்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்.

"அவங்க பேரென்னடா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சிஸ்டர்னுதான் கூப்பிட்டோம் சித்தி. நீல டிரஸ் போட்டிருப்பாங்க. கொஞ்சம் குள்ளமா இருப்பாங்க" என்றான்.

ராத்திரி முழுக்க இவன் மனைவியின் இடுப்பை அமுக்கிவிட்டு, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்து, குழந்தையைக் கையில் வாங்கியவளுக்கு அடையாளம் நீல டிரஸ். "முதல்ல பேரைக் கேட்டுட்டு வா. அப்புறம் கடைக்குப் போகலாம்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு, பாவம், அவனைச் சொல்லி என்ன பயன் என்று தோன்றியது. பிரசவம் பார்த்தவளின் பெயர் எந்தக் காகிதத்திலும் வீட்டுக்குப் போவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் பெயர் இருக்கும். பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் பிரசவத்தைப் பார்த்தது யார் என்று ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பதில் ஒரு டிக் மார்க். பெயர் இருப்பது லேபர் ரூம் ரிஜிஸ்டரில் மட்டும்தான். பிரசவம் பார்த்தவர் என்ற கட்டத்தில் நானே என் கையால் ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். அந்த நோட்டைப் பெற்றவர்கள் யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் பாட்டி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. எழும்பூரில் 1844-லேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டாலும், பாட்டிக்கு ஆறு பிரசவமும் வீட்டில்தான். ஊர் மருத்துவச்சி வந்து பார்த்தாள். கூலியாக நெல், ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, தட்டில் கொஞ்சம் சில்லறை. பாட்டி இதைப் பெருமையாகத்தான் சொல்வாள். ஆனால் அதைக் கொடுத்த இடம் கொல்லைப்புறம். உள்ளே வந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவள், தீட்டு கழிந்த பிறகு வாசல் வழியாக வரக்கூடாது. அவள் பெயர் என்னவென்று பாட்டியிடம் ஒரு தடவை கேட்டேன். "மருத்துவச்சிதான்" என்றாள்.

நாங்கள் படித்து வந்தவர்கள்தான். 1926-லேயே மெட்ராஸில் நர்ஸ்களுக்கும், பிரசவம் பார்க்கப் படித்த மிட்வைஃப்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம் வந்து கவுன்சிலும் அமைந்தது. என் சான்றிதழில் இரண்டும் இருக்கிறது. பயிற்சியில் 20 பிரசவமாவது சொந்தக் கையால் பார்த்து, கேஸ் புக்கில் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனாலும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ்தான். இந்த மாதம் லேபர் வார்டு, அடுத்த மாதம் எங்கே போடுவார்களோ. 2018-ல்தான் மத்திய அரசு தனியாக 18 மாதப் பயிற்சி கொடுத்து மிட்வைஃப் வேலைக்கென்றே பதவி உண்டாக்க வழிகாட்டுதல் போட்டது. இப்போது சென்னையில் சில தனியார் ஆஸ்பத்திரிகளிலும் மிட்வைஃப் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கிறேன். பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, வந்த பொருள்களுக்கு வருகிறேன்.

அதிகம் வந்தது ஸ்வீட். பையன் பிறந்தால் மைசூர்பாக்கு, பெண் பிறந்தால் ஜிலேபி என்று சிலர் கணக்கு வைத்திருப்பார்கள். டப்பாவைத் திறக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வார்டில் 45 வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவர்கள் இரண்டு பேர். மாற்றி மாற்றி நைட் டியூட்டி பார்த்த உடம்பு வேறெப்படி இருக்கும்? மைசூர்பாக்கு நேராக ஹவுஸ் சர்ஜன்களிடம், பயிற்சியில் இருக்கும் சின்ன டாக்டர்களிடம், போய்விடும். அந்த வயதில் அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் தின்பார்கள்.

அடுத்து வளையல், மோதிரம். லேபர் ரூமில் முழங்கைக்குக் கீழே நகை ஆகாது. நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறோம் என்று எண்ணியதில்லை, ஆனால் விரலிடுக்கில் தோல் வெடித்து எரியும். ஒரே ஒரு பெண்தான் அதைக் கவனித்து ஒரு டப்பா ஹேண்ட் க்ரீம் வாங்கி வந்தாள். வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்கியிருந்தாள், பச்சைக்குழந்தையைத் தொடுகிற கை என்று. அவள் பார்லரில் வேலை செய்கிறவள்.

சேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வீட்டில் யாருக்கோ வந்து யாரும் கட்டாதது எங்கள் கைக்கு வரும். மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடசென்னையில் இருந்த வருடங்களில் காசிமேட்டுக்காரர் ஒருவர், நைட் டியூட்டி முடிந்து நான் வெளியே வரும் நேரம் பார்த்து, கேரி பேக்கில் இரண்டு கிலோ வஞ்சிரத்தோடு கேட்டில் நின்றார். ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் தூங்க வேண்டியவள், மீனை வெட்டி அரைக் கிலோ அரைக் கிலோவாக நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் படுக்கும்போது மணி 11.

பணம். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அரசு வேலை கிடைக்கும் முன்னால் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இருந்தேன். 1988. மாதம் 600 ரூபாய் சம்பளம். குழந்தையைத் துடைத்துச் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டினால் உறவுக்காரர்கள் கையில் திணிப்பார்கள். அங்கே அதுதான் வழக்கம். கேட்டு வாங்குகிறவர்களும் இருந்தார்கள். நான் கேட்க மாட்டேன், கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அதிலேயே எனக்கு ஒரு நல்லபிள்ளை நினைப்பு. ஒரு நாள் ஒரு பாட்டி சுருக்குப்பையைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்தார். "என்ன குழந்தை?" என்றார். சொன்னேன். ஐம்பதை மடித்து உள்ளே வைத்துவிட்டு இருபதை எடுத்தார். "பொண்ணுதானேம்மா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். திரும்பினால் கதவு திறந்திருக்கிறது. தையல் போடுவதற்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்த அந்தத் தாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை. அடுத்த தடவை கை நீண்டபோது வேண்டாம் என்றேன், அவ்வளவுதான். அரசு வேலைக்கு வந்த பிறகு அதற்குச் சட்டமும் துணைக்கு வந்தது. 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டத்தைச் சொல்லி மறுப்பது எளிது, யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வார்டில் இருக்கும்வரை எதுவும் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் கொடுக்க முடியாதவள் படுத்திருக்கிறாள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் பொருளே வேண்டாம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்குப் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும். பேசாமல் ஃபைலில் உட்கார்ந்திருக்கும். யாராவது என்றைக்காவது புகார் கொடுத்தால் அது எழுந்து பேசும்.

இவ்வளவு பேசுகிறேனே, நானே ஒன்று வாங்கியிருக்கிறேன். பொருள் என்னுடையதுதான் என்பதால் அதைப் பரிசுக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

கையில் வாட்ச் கட்டக்கூடாது, ஆனால் நொடிமுள் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது. குழந்தையின் இதயத்துடிப்பை எண்ண வேண்டும், நிமிடத்துக்கு 110-லிருந்து 160-க்குள் இருக்கிறதா என்று. பிறந்த ஒன்றாம் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் நிறம், அழுகை, அசைவு எல்லாம் பார்த்து மார்க் போட வேண்டும். நெஞ்சில் குத்திக்கொள்ளும் நர்ஸ் வாட்ச் அப்போது சுலபமாகக் கிடைக்காது. என் வீட்டுக்காரரின் பழைய வாட்சில் பாதிப் பட்டையை வெட்டிவிட்டு, மீதியை ஊக்கால் புடவையில் குத்தி வைத்திருந்தேன். நாலு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு விடியற்காலை குழந்தை பிறந்ததைச் சொல்ல வெளியே வந்தேன். நம் ஊரில் பையனா பெண்ணா என்பதற்கு அடுத்த கேள்வி நேரம் என்ன என்பதுதானே. ஜாதகம் கணிக்க வேண்டும். குழந்தையின் அப்பா, "நேரம் கரெக்டா சொல்லுங்க சிஸ்டர்" என்றார். உள்ளே குறித்து வைத்தது மறந்துவிட்டது. வாட்சைத் தூக்கி, தலைகீழாகத் தெரிந்ததைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, கணக்குப் போட்டு, "இப்ப நாலு பத்து, ஏழு நிமிஷம் முன்னாடி" என்றேன். அவர் குழந்தையை விட்டுவிட்டு என் வாட்சையே பார்த்தார்.

டிஸ்சார்ஜ் ஆகிப் போன நாலாம் நாள் வந்து, "அந்த வாட்சைக் கொஞ்சம் கொடுங்க சிஸ்டர், சாயந்திரம் தந்துடறேன்" என்றார். பாரிமுனையில் நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்து வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவராம். சாயந்திரம் கொண்டுவந்தார். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றியிருந்தார். பன்னிரண்டு பக்கம் தொங்கிய பட்டையைக் கழற்றிவிட்டு, ஆறு பக்கத்தில் சின்னச் சங்கிலியும் கிளிப்பும் போட்டிருந்தார். இப்போது எதிரில் நிற்கிறவருக்கு வாட்ச் தலைகீழ். நான் குனிந்து பார்த்தால் பன்னிரண்டு மேலே, ஆறு கீழே, நேராக. நாலு வருடம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லையே என்று சிரிப்பு வந்துவிட்டது. காசு கேட்டால், "பேட்டரி முப்பது ரூபாய், கொடுங்க" என்று வாங்கிக்கொண்டார். நான் சங்கடப்படக்கூடாது என்று வாங்கினாரோ என்னவோ. ரிடையர் ஆகும்வரை அதுதான்.

அக்கா மகன் சனிக்கிழமை வந்தான். கையில் ஒரு துண்டுச் சீட்டு. விசாரித்ததில் ஒருத்தர் இல்லையாம், இரண்டு பேராம். ராத்திரி முழுக்கக் கூட இருந்தவள் காலையில் டியூட்டி முடிந்து போய்விட்டாள். குழந்தையைக் கையில் வாங்கியது அடுத்து வந்தவள். இவன் இருவரையும் ஒரே ஆள் என்று நினைத்திருக்கிறான், இரண்டு பேரும் நீலம். அவன் மனைவிதான் சண்டை பிடித்துத் திருத்தியிருக்கிறாள். மூன்றாவதாக ஆயாம்மா. ரத்தத் துணியை எல்லாம் அள்ளிவிட்டு இவளுக்குத் தலை வாரிவிட்டவராம்.

புரசைவாக்கத்தில் எனக்குப் பழக்கமான பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து, ஆறிப்போன சாதத்தை முழுங்கிய எனக்கு இதில் தயக்கமே இல்லை. சூடு தாங்கும் டிபன் கேரியர், மூன்று, ஒரே அளவு. மூவருக்கும் ஒரே விலையில்தான் வாங்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். கூடவே கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன். முதலில் எழுதியது ஆபீஸ் மெயில் மாதிரி இருந்தது, தங்கள் மேலான சேவைக்கு நன்றி என்று. நடந்ததை எழுதுடா என்றேன். வழியில் மெட்ரோவில் உட்கார்ந்து திருத்தினான். "மூணு மணிக்கு நான் வராண்டால அழுதப்போ நீங்க டீ வாங்கிட்டு வந்து கொடுத்தீங்க. அதை இவ கிட்ட சொல்லாததுக்கும் தேங்க்ஸ்" என்று ஒரு வரி. இவன் அழுதது எனக்கும் அப்போதுதான் தெரியும்.

கேரியரில் பெயர் வெட்டாமல் வாங்கக்கூடாது. அழகுக்காக இல்லை, ஆஸ்பத்திரி பேன்ட்ரியில் எல்லார் டப்பாவும் ஒன்று போலவே இருக்கும், மாறிவிடும். என் வீட்டில் உளுந்து போட்டு வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றில், "பிரசவம் பார்த்த சிஸ்டருக்கு அன்பளிப்பு" என்று வெட்டியிருக்கும். கொடுத்தவர்களுக்கு என் பெயர் தெரியாது. வார்டில் அதை ஐந்து சிஸ்டர்கள் எங்களுடையது என்று எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பெயர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சீட்டை வாங்கினார். முதல் இரண்டையும் படித்தார். மூன்றாவதில் நின்றார்.

"ஆயாம்மான்னே வெட்டணுமா சார்?"

இவன் என்னைப் பார்த்தான். நான் கேரியர் மூடியைத் திருகுவது போலக் குனிந்துகொண்டேன். என்னோடு 11 வருடம் வேலை பார்த்த எங்கள் ஆயாம்மாவின் பெயர் எனக்குத் தெரிந்தது அவர் ரிடையர் ஆன அன்றைக்கு, சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து.

இவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். லேபர் வார்டுக்கு இணைப்பு கொடுத்தார்கள். யாரோ ஒரு சிஸ்டர் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னான். ஸ்பீக்கரில் இல்லாமலே எனக்குக் கேட்டது: "பேரா? இருங்க சார், கேட்டுச் சொல்றேன்."

காத்திருந்தோம். கடையில் குக்கருக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. பெயர் வெட்டுகிறவர் மிஷினை ஆன் செய்தார்.

"அதுக்குள்ள மத்த ரெண்டையும் முடிச்சிடவா சார்?"