வாய்க்கால் புத்தகத்தின் விற்பனைக் குறிப்புகள்

2025 அக்டோபர் 6, பாளையங்கோட்டை

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் பற்றி நான் எழுதி, நானே அச்சிட்ட புத்தகத்தை அந்தப் பெரிய இணைய அங்காடியிலிருந்து எடுத்துவிடுவதென்று இன்று முடிவு செய்தேன். அவர்கள் பிடித்துக்கொள்ளும் கழிவு இரண்டாவது காரணந்தான். அவர்களுடைய கிடங்கு வழியே போகும் பிரதிகளை யார் வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரிவதேயில்லை. எண்ணிக்கையும் தொகையும் வருகின்றன; பெயரும் ஊரும் வருவதில்லை. கன்னடியன் கால்வாயில் பயிர் வைக்கும் சேரன்மகாதேவிக்காரர் வாங்கினாரா, பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயைத் தினமும் தாண்டிப் போகும் மேலப்பாளையத்துக்காரர் வாங்கினாரா என்று அறியாமல் இப்படியொரு புத்தகத்தை விற்பதில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

மின்னூல் கணக்கையும் இன்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு வேண்டுமென்றால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்ற ஒப்பந்தத்தில் சேர வேண்டும். சேராதவருக்கு 35 விழுக்காடுதான். அந்த 70-இலும் கோப்பின் எடைக்கேற்ப எம்.பி. ஒன்றுக்கு ₹7 கழித்த பிறகே பங்கு பிரிக்கிறார்கள். கால்வாய் வரைபடங்கள் நிறைந்த என் கோப்பு 9 எம்.பி. இருப்பதால், ₹150 விலையில் ₹63 முதலிலேயே போய்விடுகிறது. மீதியில் 70 விழுக்காடு, வரியைச் சேர்க்காமலே, ஏறத்தாழ ₹61. வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவலுக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகலாம். படம் உள்ள புத்தகத்துக்கு ஆகாது.

அக்டோபர் 8

ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற குறியை நீக்கினேன். நவம்பர் 11-இல் தவணை முடிகிறது. அதுவரை மின்னூலை வேறு எவ்விடத்திலும் விற்கக் கூடாது. அச்சுப் பிரதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் அதை இன்றே தொடங்கலாம்.

அக்டோபர் 17

வாட்ஸ்அப்பில் முகவரி வாங்கி, யுபிஐ வழியாகப் பணம் பெற்று அனுப்பும் முதல் கட்டுகளைப் பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் கொடுத்தேன். யுபிஐ-யில் 2020 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆகவே என் கணக்கில் மிச்சமிருக்கும் பெருஞ்செலவு தபால்தான். மே 1 முதல் நடைமுறைக்கு வந்த, புத்தகங்களுக்கான அஞ்சல் துறையின் ‘ஞான் போஸ்ட்’ சேவை இல்லையென்றால் இந்த யோசனைக்கே நான் துணிந்திருக்க மாட்டேன். 300 கிராம் வரை ₹20, ஐந்து கிலோ வரை போனாலும் ₹100, வரி தனி. கட்டு எங்கே இருக்கிறது என்று எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. தரைவழியாகத்தான் போகும், அதனால் அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

“அண்ணாச்சி, புக்குல பதிப்பாளர் பேரு அச்சடிச்சிருக்கா?” என்று கேட்ட பிறகே ஊழியர் எடை போட்டார். அந்தப் பெயரோ அச்சகத்தின் பெயரோ இல்லாத நூலை இதில் எடுக்க மாட்டார்கள். புத்தகம் மட்டும் 290 கிராம். மழைக்காலத்துக்காகச் சுற்றிய பிளாஸ்டிக் உறையும் முனை மடங்காமலிருக்க வைத்த அட்டையும் சேர்ந்து 300-ஐத் தாண்டிவிட்டன. அட்டையைக் குறைத்தால் அடுத்த கட்டணப் படிக்குப் போகாமல் தப்பலாம். ஆனால் முனை நசுங்கிய பிரதி ஒருவர் கைக்குப் போவதைவிட அந்தச் சில ரூபாயை நானே ஏற்பது மேல்.

அக்டோபர் 29

கடையம் வாசகர் ஒருவருக்கு நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். 1920-இல் பாரதியார் அவ்வூரில் இருந்தபோதுதான், தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டுத் தாமே விற்பதற்குத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடனாக முதல் கேட்டு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. சொந்த வெளியீடு என்றாலே யாரும் தேடாத எழுத்தாளனின் கடைசிப் புகலிடம் என்று பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவது வழக்கம். என் திட்டம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, முந்நூறு பிரதிதான். 2023 டிசம்பர் வெள்ளம் வண்ணார்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவன் ஆகையால், அந்த முந்நூறில் மீதியெல்லாம் பரணில்தான் இருக்கின்றன.

நவம்பர் 12

தவணை முடிந்தது, மின்னூலை இபப் (EPUB) கோப்பாக நேரடியாகக் கொடுக்கத் தொடங்கினேன். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடவில்லை. பிப்ரவரி 26 முதல், வாங்கிய மின்னூலைக் கோப்பாகக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் அந்த அங்காடி நிறுத்திவிட்டது. விலை கொடுத்தவர் தம் கோப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்ள முடியாதென்றால் அதை விற்பனை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நகலெடுப்பார்கள் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். எடுக்கட்டும், பூட்டியிருந்தபோதும் எடுத்தார்கள்.

நவம்பர் 25

இழப்பையும் எழுதிவைக்க வேண்டும். அங்காடியில் வேறெதையோ தேடும்போது தற்செயலாக என் புத்தகத்தைக் கண்டு வாங்கிய முகமறியாதவர்கள் இப்போது அடியோடு இல்லை. விற்பனை முன்பைவிடக் குறைவு. ஒரு பிரதிக்குக் கிடைப்பது கூடுதல். இரண்டும் சேர்ந்து வருமானம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. கட்டு கட்டும் வேலை மாலைகளைத் தின்கிறது.

ஆனால் முகவரி நோட்டைப் புரட்டினால் கல்லிடைக்குறிச்சி, பத்தமடை, முக்கூடல், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றோடு ஊர்கள் வருகின்றன. இன்று காலை ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கரைக் கால்வாயான தென்காலில் விவசாயம் செய்யும் பெரியவர் ஒருவர் அழைத்து, தம் தகப்பனார் காலத்தில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட விதத்தை அரை மணி நேரம் சொன்னார். மடைகளின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டேன், அவற்றில் பல எந்த ஆவணத்திலும் நான் பார்க்காதவை. பிசான (மழைக்கால நெல்) நடவு முடிந்ததும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த அச்சுக்குக் காகிதம் சொல்லுவதை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறேன், தென்கால் அதிகாரம் எத்தனை பக்கம் நீளும் என்று பார்த்துவிட்டு எடையையும் விலையையும் முடிவு செய்யலாம்.