50 கிலோமீட்டர் கிளைடர் பயணத்துக்கு நான் படித்த விதம்

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வீடு 14ஆவது மாடியில். காலை பதினொரு மணிக்கு மேல் நடைபாதையில் நின்றால், செம்பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது கண்ணுக்கு நேராகத் தெரியும். இங்கிலாந்தில் படிக்கப் போய், இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டும் கிளப்பில் சேர்ந்து, அதன் ‘புரோன்ஸ்’ (வெண்கல) தகுதிக்கான எழுத்துத் தேர்வுக்கு உட்கார்ந்தபோது, அந்தப் பருந்துகள்தான் பாடம் என்று புரிந்தது. இந்த ஆண்டு அங்கே போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தேர்வின் வானிலைத் தாளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு கணக்கில் தொடங்குங்கள். தரை வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து 125ஆல் பெருக்கினால், திரள்மேகத்தின் அடி ஏறக்குறைய எத்தனை மீட்டரில் இருக்கும் என்று தெரியும். சுபாங் விமான நிலைய வானிலை அறிக்கையில் 33/24 என்பது போல இரண்டு எண்களும் சேர்ந்தே வரும். வித்தியாசம் 9, மேக அடி 1,125 மீட்டர். இங்கிலாந்தில் ஜூலையில் 22/8 என்றால் 1,750 மீட்டர். வெயில் குறைந்த ஊரில் மேகம் உயரத்தில்! நம் காற்றில் ஈரம் அதிகம், அதனால்தான் மேகம் தாழ்வாகவே உருவாகிப் பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுகிறது. அங்கே குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்துபோன மறுநாள் வடமேற்கிலிருந்து குளிர்ந்த, தெளிந்த காற்று வரும். பின்னாலேயே உயர் அழுத்தமும் வந்தால் மேகம் மிஞ்சி வளராமல், அடி தட்டையாக, பஞ்சுப் பொதிகளாக நிற்கும். கிளப்பில் எல்லோரும் காத்திருப்பது அந்த நாளுக்குத்தான். புறப்படும் முன் ஒரு மாதம் இங்கிருந்தே தினமும் கணக்குப் போட்டு, வானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புரோன்ஸுக்கு அடுத்த தகுதியான வெள்ளி பேட்ஜுக்கு மூன்று வேண்டும்: 50 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் ஏற்றம், 5 மணி நேரம். ஜூலைக் கடைசியில் எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. 1:500,000 வரைபடத்தில் 50 கிலோமீட்டர் என்பது பத்தே சென்டிமீட்டர், அரைச் சாண்கூட இல்லை. முதல் தெர்மலில் (தரை சூடாகி மேலெழும் காற்றில்), ஏறும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் கீச்சொலி விரைந்தது. 900 மீட்டர் உயரத்தில், அறுவடை முடிந்த வயலின் வைக்கோல் வாசனை காக்பிட்டுக்குள் வந்தது. தரைக்காற்று அப்படியே மேலே வருகிறது என்பதைப் புத்தகம் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் மேகங்கள் ஒன்றாகப் பரவி, கீழே நிழல் மூடிவிட்டது. இங்கேதான் படித்தது உதவியது. 2,000 அடியில் இறங்கத்தக்க பகுதி, 1,500 அடியில் குறிப்பிட்ட ஒரு வயல், 1,000 அடியில் தரையிறங்கும் சுற்று; அதன் பிறகு தெர்மல் தேடக் கூடாது. எங்களுக்குச் சொல்லித் தந்த வரிசை இது. காற்று எந்தப் பக்கம், நீளம் போதுமா, சரிவு உண்டா, பயிர் நிற்கிறதா, மாடுகள் உண்டா, சுற்றிலும் மின்கம்பியா என்று வரிசையாகப் பார்த்து, பார்லி அறுத்த வயலில் இறங்கினேன். அப்புறம் உரிமையாளரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு, கிளைடரை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் வர மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.

மோட்டார் கிளைடரில் பயிற்றுநருடன் வயல் தேர்ந்தெடுக்கும் பயிற்சி உண்டு. சீசன் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் நல்ல வானிலை வந்தும் திடலைச் சுற்றியே பறக்க வேண்டியிருக்கும். எழுத்துத் தேர்வும் அப்படியே.

ஆகஸ்டில் மறுபடி போனேன். கிட்டத்தட்ட அதே இடத்தில் உயரம் குறைந்தது. 1,600 அடியில் ஒரு வயலை முடிவு செய்துவிட்டேன், பதற்றம் அடங்கியது. அப்போது இடது இறக்கையை யாரோ கீழிருந்து மெல்லத் தூக்குவது போல இருந்தது. அந்தப் பக்கமே திரும்பினேன். வயலின் ஓரத்தில் ஒரு பருந்து, இறக்கையை அசைக்காமல், எனக்கு முன்பே ஏறிக்கொண்டிருந்தது.