கிணற்று மண்ணும் தொட்டித் தண்ணீரும்: உருளைக் கணக்குகளில் மதிப்பெண் போகும் இடங்கள்

உருளையின் கன அளவுச் சூத்திரம் (22/7 × ஆரம் × ஆரம் × உயரம்) பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். அதே சூத்திரம் வாக்கியக் கணக்காக வரும்போது தடுமாறக் காரணம், எது எதற்குச் சமம் என்று எழுதாமலே பெருக்க ஆரம்பிப்பது.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 4 மீ விட்டத்தில் 21 மீ ஆழத்துக்குக் கிணறு தோண்டி, அந்த மண்ணைக் கிணற்றைச் சுற்றி 3 மீ அகலத்துக்குச் சீராகப் பரப்பி மேடை அமைக்கிறார்கள். மேடையின் உயரம் என்ன?

முதல் வரியிலேயே 'தோண்டிய மண்ணின் கன அளவு = மேடையின் கன அளவு' என்று எழுதிவிடுங்கள். (நிஜத்தில் தோண்டிய மண் பொலபொலத்துப் பருமன் கூடும், கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.) மேடை ஓர் உள்ளீடற்ற உருளை. உள் ஆரம் 2 மீ, வெளி ஆரம் 2 + 3 = 5 மீ. இரண்டு பக்கமும் 22/7 இருப்பதால் பெருக்காமல் அடித்துவிடலாம்:

2 × 2 × 21 = (25 − 4) × உயரம்

84 = 21 × உயரம். விடை 4 மீ.

அகலம் 3-ஐயே வெளி ஆரமாக வைத்தால் 16.8 மீ வரும். கிணற்று மேடை ஐந்து மாடி உயரம் இருக்காது என்று அங்கேயே சுதாரித்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் உள்ள குழியைக் கழிக்க மறந்தால் வருவது 3.36 மீ. இந்தப் பிழைதான் ஆபத்தானது, பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

அடுத்தது குழாய்க் கணக்கு. 7 செ.மீ உள்விட்டமுள்ள குழாயில் மணிக்கு 7.2 கி.மீ வேகத்தில் தண்ணீர் வருகிறது. 1.4 மீ விட்டமும் 1.5 மீ உயரமும் உள்ள உருளைத் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு வினாடியில் வெளிவரும் தண்ணீரே ஓர் உருளைதான். அந்த ஒரு வினாடியில் நீர் ஓடும் தூரம் அதன் உயரம். மணிக்குக் கி.மீ-ஐ வினாடிக்கு மீட்டராக்க 5/18-ஆல் பெருக்க வேண்டும்: 7.2 × 5/18 = 2 மீ, அதாவது 200 செ.மீ. 22/7 × 3.5 × 3.5 × 200 = 7700 கன செ.மீ, அதாவது 7.7 லிட்டர்.

தொட்டி: 22/7 × 0.7 × 0.7 × 1.5 = 2.31 கன மீட்டர் = 2310 லிட்டர். 2310 ÷ 7.7 = 300 வினாடி, 5 நிமிடம்.

அலகை முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. கடைசியில் மாற்றுபவர்கள் கன மீட்டரை 100-ஆல் பெருக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கன மீட்டருக்கு 10,00,000 கன செ.மீ. குழாயின் விட்டத்தை ஆரமாக எடுத்தால் நீரின் அளவு நான்கு மடங்காகி, விடை 75 வினாடியாகச் சுருங்கும்.