பொடி வைத்து ஊதிய கதை

பாப்பாவின் கொலுசு அறுந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியப்பா பட்டறையில் கொடுத்தால் அஞ்சு நிமிஷ வேலை. நான்தான், "பத்தவைக்கறத நானே கத்துக்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினேன். "கேஸ் அடுப்பப் பத்தவைக்கவே லைட்டரப் பத்துத் தடவ அடிக்கறீங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பொடி வைத்துப் பேசுவதில் என் மனைவிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலேயே போட்டி கிடையாது.

அந்தப் பொடியை ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தேன். வெள்ளியோடு பித்தளை சேர்த்து உருக்கி, துணுக்குத் துணுக்காக நறுக்கியது. அறுந்த இடத்தில் வெங்காரம் (போராக்ஸ்) தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயைத் திருப்பினால் அது உருகி இடுக்கில் ஓடிவிடும். சுத்த வெள்ளி 961 டிகிரியில் உருகும். செம்பு கலந்த கொலுசு அதற்கு முன்னாலேயே உருகும். பொடி அதற்கும் முன்னால். இந்தச் சின்ன இடைவெளியில்தான் சேலத்தில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள்.

குரு, முப்பது வருஷமாகப் பத்தவைக்கிற அக்கா. கேஸ் பர்னர் பக்கத்திலேயே இருந்தாலும் நுணுக்க வேலைக்கு அவருக்கு வாய்க்குழல்தான். "மூக்குல இழுங்க, வாயில விடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க." நாதஸ்வரக்காரர்கள் செய்கிற அதே வித்தை. எனக்குக் கன்னம் வலித்தது, காது அடைத்தது, தீ மட்டும் திரும்பவே இல்லை. காத்தாடி போடலாமா என்று கேட்டேன். பட்டறையே என்னை ஒரு மாதிரி பார்த்தது.

"எத்தன செகண்ட் காட்டணுங்கக்கா?"

"செகண்டெல்லாம் தெரியாது தம்பி. தண்ணியாட்டம் மினுக்குனு ஓடும். அப்ப எடுத்துருங்க."

முதல் வளையம் எப்படியோ ஒட்டியது, ஒரு மொத்தையாக. அந்த மிதப்பில் அடுத்ததற்குப் போனேன். மினுக்கியது. அட, என்று நான் ரசித்து முடிப்பதற்குள் மூன்று வளையம் சேர்ந்து ஒரே கடுகு.

அக்கா சிரிக்கவில்லை. கடுகை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, நாலு ஊதலில் மீதியை முடித்தார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்ததும் புதுக் கொலுசு மாதிரி ஆகிவிட்டது.

கிளம்பும்போது பெரியப்பா என் சட்டையை உதறச் சொன்னார். அப்புறம் தலையை. கை கழுவிய தண்ணீரும் தொட்டிக்குத்தான். கூட்டிய குப்பையையே விலைக்கு வாங்க ஆள் வரும்போது, மகனென்ன, தம்பி மகனென்ன? வெள்ளி விற்கிற விலைக்கு என்னையும் உருக்கிப் பார்த்திருப்பார். தட்டுவடை செட் சாப்பிட்டுப் போ என்று காசு கொடுத்ததால் மன்னித்துவிட்டேன்.

கொலுசு அரை விரக்கடை குறைந்துவிட்டது. பாப்பா போட்டுக்கொண்டு ரெண்டு சுற்று ஓடினாள். நின்றாள்.

"அப்பா, இந்த எடத்துல மட்டும் குத்துது."

குனிந்து பார்த்தேன். என் மொத்தை. அக்கா அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்.