இரவின் பெயரைத் தாங்கிய கடற்படைப் பதவி

பிற நாட்டுக் கடற்படைகளில் ரியர் அட்மிரல் எனப்படுபவரை நெதர்லாந்துக் கடற்படை 'ஸ்கௌட்-பெய்-நாக்ட்' என்று அழைக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'இரவு நேர ஸ்கௌட்' என்றாகும். ஸ்கௌட் என்றதும் நமக்குச் சாரணர் நினைவு வந்தாலும், இந்தச் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை. பழைய டச்சு ஊர்களில் காவலைக் கவனித்து, குற்றம் புரிந்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்திய அதிகாரியே ஸ்கௌட். ஜெர்மானியரிடையே வழங்கும் ஷூல்ட்ஸ் என்ற குடும்பப்பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஊர்க்காவல் அதிகாரியின் பெயர் கப்பலேறியதற்குக் காரணம் இருட்டு. பகலில் கொடிகளைக் காட்டிக் கட்டளையிடலாம். இரவிலோ பாய்மரக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலும் வழிதவறிப் பிரிந்துபோகாமலும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றவர், காலப்போக்கில் அட்மிரல், வைஸ் அட்மிரல் ஆகியோருக்கு அடுத்த மூன்றாம் தலைவராகி, கடைசி அணியை நடத்தினார். அட்மிரலின் கொடி நடுப் பாய்மரத்திலும், வைஸ் அட்மிரலின் கொடி முன் பாய்மரத்திலும், இவருடைய கொடி பின் பாய்மரத்திலும் பறந்தன. 1641இல் ஸ்பெயினுக்கு எதிராகப் போர்த்துகலுக்கு உதவச் சென்ற கப்பற்படையில், புகழ்பெற்ற டச்சுக் கடற்படைத் தளபதி மிகியேல் டி ராய்டர் வகித்தது இந்தப் பதவியைத்தான்.

டச்சுக்காரரிடம் கடற்தொழில் கற்ற நாடுகள் பதவிப் பெயரையும் சேர்த்தே எடுத்துச் சென்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1714இல் பால்டிக் கடலில் நடந்த கங்குத் போர். ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர், பியோத்தர் மிகைலோவ் என்ற பெயரில், கடற்படையில் ஸ்கௌட்-பெய்-நாக்ட் ஆகப் பணிபுரிந்துகொண்டிருந்தார். அன்று ரஷ்யரிடம் சிறைப்பட்ட சுவீடன் தளபதி நில்ஸ் ஏரன்ஷோல்டும் அதே பதவியினர். இரு டச்சுப் பட்டங்கள் மோதிக்கொண்ட களத்தில் டச்சுக்காரர் எவரும் தரப்பாக இல்லை! வெற்றிக்குப் பரிசாகப் பேரரசர் வைஸ் அட்மிரலாக உயர்த்தப்பட்டார்.

ரஷ்யாவும் சுவீடனும் பின்னர் கான்ட்ரா அட்மிரல் என்ற பெயருக்கு மாறிக்கொண்டன, நெதர்லாந்து மாறவில்லை. 1942 பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடலில் ஜப்பானியரை எதிர்த்த நேச நாட்டுக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய காரல் டோர்மன் ஸ்கௌட்-பெய்-நாக்ட் பதவியில் இருந்தவர். அன்றிரவு டார்பிடோ தாக்கி அவருடன் மூழ்கிய தலைமைக் கப்பலின் பெயர் டி ராய்டர்.